அம்மாவுக்குப் பதில் சாப்பாட்டுக் கூப்பன்

எங்கள் கம்பெனியை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். இன்று காலை ஓரிக்கையில் கம்பெனி பஸ் ஏறியதும் புதுக் கம்பெனியின் ஆப்பைத் திறந்தேன்.

ஊழியர் சலுகைகளில் ஒன்றாகப் பழைய கம்பெனியில் நான் தேர்ந்தெடுத்திருந்தது அம்மாவுக்கான மருத்துவக் காப்பீடு. அந்த இடத்தில் சாப்பாட்டுக் கூப்பன் இருந்தது.

திங்கட்கிழமை அம்மாவுக்கு இதய ஆபரேஷன்.

எச்.ஆருக்கு போன் போட்டேன்.

"பழசு எதுவும் புதுக் கம்பெனிக்கு வராது மேடம். திரும்ப செலக்ட் பண்ணாதவங்களுக்கு சிஸ்டமே கூப்பன் போட்டுடுச்சு. மாத்த முடியுமான்னு கேட்டுக்கினு இருக்கோம். எல்லாம் சரியாயிடும்."

வைத்த உடனே அம்மா கூப்பிட்டாள். "ஏம்மா, ஆபரேஷன் அன்னிக்கு ஒரு வாய் கூட சாப்பிடக் கூடாதாமே?"

இப்படிப் போன காப்பீட்டைத் திரும்ப வாங்கியவர்கள் இருந்தால் வழி சொல்லுங்கள். 'எல்லாம் சரியாயிடும்' என்று மட்டும் எழுதாதீர்கள். அதை எச்.ஆரே சொல்லிவிட்டார்.