தொட்டிக்குள் விழுந்த வார்த்தை

வாய் என்றால் வாய், அப்படி ஒரு வாய். குழாய் ரிப்பேர்க்காரருக்குச் சரவெடி என்று பெயர் வந்ததற்கு வேறு காரணமே கிடையாது. துருப்பிடித்த நட்டு ஒன்று முரண்டு பிடித்தால் போதும். அந்த நட்டு, அதைச் செய்த கம்பெனி, கம்பெனி முதலாளியின் ஏழு தலைமுறை என்று வரிசையாகத் திட்டிக்கொண்டே திருகுவார். நட்டுக்கே வெட்கமாகிக் கழன்றுவிடும். அவர் வேலைக்கு வந்தால் பிள்ளைகளை முதலில் வெளியே விளையாட அனுப்பிவிடுவார்கள்.

இந்த மனுஷனுக்காக அவர் மனைவி பத்தொன்பது வருடம் ஜெபித்தாள். தையல் மெஷினை மிதித்துக்கொண்டே ஜெபிப்பாள். "நாய் வாலை நிமிர்த்த முடியுமா?" என்று அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். ஆனால் பாருங்கள், சபையின் கழிவறைக் குழாய் ஒழுகுகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போனவர், ஆராதனை முடிந்ததும் கூலி வாங்கிக்கொள்ளலாம் என்று கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மூன்று மணி நேரம் கழித்து மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தார். கூலியை வாங்க மறந்தே போனார். அதன்பிறகு ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை.

அதோடு விட்டிருக்கலாம் அல்லவா? நுணலும் தன் வாயால் கெடும். தண்ணீரில் முங்கியெடுக்கும் ஞானஸ்நானத்துக்குத் தேதி குறித்த அன்று, தான் மாறிய கதையைச் சபை முன்னால் சாட்சி சொல்ல எழுந்தவருக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது.

"இன்னைலேருந்து ஆறு வாரம் இந்த வாயில ஒரு கெட்ட வார்த்தை வராது. வந்துச்சுன்னா அந்தத் தண்ணில நான் இறங்க மாட்டேன். ஆண்டவர் முன்னாடி சொல்றேன்!"

சபை அல்லேலூயா என்றது. மனைவி மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டாள். பத்தொன்பது வருடக் கண்ணீருக்குப் பலன் கைக்கு எட்டும் நேரத்தில் இப்படி ஒரு நிபந்தனை தேவையா, நீங்களே சொல்லுங்கள்.

முதல் வாரமே தொழில் படுத்துவிட்டது. திட்டாமல் திருகினால் எதுவும் அசையவில்லை. வியர்த்து விறுவிறுத்து ஒரு குளியலறையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த அபாரமான யோசனை வந்தது. வேதாகமத்தில் கெட்ட ராஜாக்களுக்கும் அவர்கள் தளபதிகளுக்குமா பஞ்சம்? ஒவ்வொருவன் பெயரும் வாய் கொள்ளாமல் இருக்கிறதே!

"அடேய் நேபுகாத்நேச்சாரே, வாடா வெளியே!" என்று வால்வைப் பார்த்து உறுமினார். வால்வு சுழன்றது. "சனகெரிப்புப் பயலே! ரப்சாக்கே மூஞ்சி!" அடுத்த இரண்டு நட்டும் சரணடைந்தன. சரவெடிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தெருப் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? இரண்டே வாரத்தில் "போடா சனகெரிப்!" என்று சண்டை போட ஆரம்பித்தார்கள். குறுக்கே வந்த லாரியைப் பார்த்து ஒரு ஆட்டோக்காரர் "யோவ் ரப்சாக்கே!" என்று கத்தினார். ரப்சாக்கே சனகெரிப்பின் தளபதி என்று அவருக்கு என்ன தெரியும், பாவம். அந்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் தானியேல் புத்தகத்தைத் திறந்து "நேபுகாத்நேச்சார்" என்று வாசித்ததுதான் தாமதம், முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து நின்று, "அம்மா, பாஸ்டர் கெட்ட வார்த்தை பேசுறாரு!" என்றாள்.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் சரவெடியைத் தனியே கூப்பிட்டார்.

"பிரதர், வார்த்தையத்தான் மாத்தியிருக்கீங்க, கோபம் அப்படியே இருக்கு. அதுவும் மகேர்-சாலால்-அஷ்-பாஸுன்னு வேற திட்டினீங்களாமே? அது ஏசாயா தீர்க்கதரிசியோட மகன் பேரு. அந்தப் பிள்ள உங்கள என்ன பண்ணுச்சு?"

"பேரக் கேட்டா கெட்டவன் மாதிரி இருந்துச்சு பாஸ்டர்."

அன்றோடு ராஜாக்களும் போனார்கள். வேலைக்குப் போனால் வாயில் ஒரு துணியைக் கடித்துக்கொண்டு பெட்டிப் பாம்பாக அடங்கிக் கிடந்தார். வீட்டுக்காரர்கள் பல்வலியா என்று விசாரித்தார்கள்.

நாலாவது வாரம் கட்டட கான்ட்ராக்டர் கூப்பிட்டனுப்பினார். புதுக் கட்டடத்தில் குழாய் வேலைக்குப் பத்துப் பேர், அவர்களை மேய்க்க ஒரு மேஸ்திரி வேண்டும். சரவெடி பல வருடமாக ஏங்கிய வேலை.

"இவனுங்க அசைய மாட்டேங்கிறானுங்க. பழைய மாதிரி ஒரு சத்தம் போட்டுக் காட்டு பாப்போம்," என்றார் கான்ட்ராக்டர்.

சரவெடி வாயைத் திறந்தார். உள்ளே வரிசையாக நின்றன, எல்லாமே பழைய சரக்கு. விழுங்கினார். "தம்பிகளா, கொஞ்சம் சீக்கிரம் செய்றீங்களா?" என்றார். பத்துப் பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவன் நெற்றியைத் தொட்டு ஜுரமா என்று பார்த்தான்.

"வாயுள்ள பிள்ளதான்யா பிழைக்கும். நீ அதப் போய்ச் சபையில தொலைச்சுட்டியே," என்று கான்ட்ராக்டர் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பொத்தென்று உட்கார்ந்தவர் அழுதேவிட்டார். "தப்புப் பண்ணிட்டேனாடி?"

மனைவி ஊசியில் நூல் கோர்த்தபடியே, "எனக்கு அந்த வேலையும் வேணாம், மண்ணும் வேணாம்," என்றாள். "இந்த ஒரு மாசமாத்தான் இந்த வீட்டுல நிம்மதியாத் தைக்கிறேன். இன்னும் ரெண்டே வாரம், பல்லக் கடிச்சுக்கோங்க." அவளுக்கு அந்தத் தண்ணீர்தான் கணக்கு. அவருக்கும்தான்.

கடித்துக்கொண்டார். ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் வரைக்கும் கடித்துக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம், ஞானஸ்நானத் தொட்டியில் தண்ணீர் நிற்கவில்லை என்று சபையிலிருந்து ஆள் வந்தது. சரவெடியை விட்டால் வேறு யார்? ஆளில்லாத ஹாலில், காலித் தொட்டிக்குள் மண்டியிட்டு, வடிகால் வால்வை முறுக்கினார். ஸ்பானர் வழுக்கியது. கட்டைவிரல் நகம் நசுங்கியது. வந்துவிட்டது.

ஒன்றே ஒன்றுதான். ஆனால் இருந்ததிலேயே பெரியது. டைல்ஸ் பதித்த தொட்டி அல்லவா, அந்த வார்த்தை நாலு பக்கமும் முட்டி, ஹாலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மறுபடி அவர் காதிலேயே வந்து விழுந்தது.

மெதுவாகத் தலையைத் தூக்கிப் பார்த்தார். வெறும் நாற்காலிகள். ஈ, காக்கை இல்லை. அப்பாடா!

எங்கே அப்பாடா? சோதனை அப்போதுதான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தது. யாருக்குத் தெரியப்போகிறது? நாம் சொன்னால்தானே?

"கையில என்னங்க?" என்று வீட்டில் மனைவி கேட்டாள்.

"ஸ்பானர் வழுக்கிடுச்சு."

"வாய் ஒண்ணும் வழுக்கலயே?"

"இல்ல."

அந்த 'இல்ல'வோடு சாப்பிட உட்கார்ந்தவர், பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடுப்பில் நின்றார். அவருக்கு முன்னால் மூன்று பேர் முங்கி எழுந்தார்கள். துண்டை நெஞ்சோடு அணைத்தபடி மனைவி தொட்டி ஓரத்தில் நின்றாள், முகமெல்லாம் சிரிப்பு. பாஸ்டர் இடுப்பளவு தண்ணீரிலிருந்து கை நீட்டினார். சரவெடி தூக்கிய காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"பாஸ்டர், நான் இறங்கல. நேத்து ஒண்ணு வந்துடுச்சு. இதே தொட்டிக்குள்ள. யாரும் கேக்கல. வீட்டுல கேட்டதுக்கும் இல்லன்னு பொய் சொல்லிட்டேன். என் தப்புதான். சொன்ன சொல் சொன்னதுதான்."

முன்வரிசையிலிருந்து சபைப் பொருளாளர் ஆவல் தாங்காமல், "என்ன வார்த்தைங்க பிரதர்?" என்று கேட்டுத் தன் மனைவியிடம் ஒரு கிள்ளு வாங்கினார். பாஸ்டர் விழித்தார். இறங்கச் சொன்னால் ஆண்டவர் முன் சொன்ன சொல் என்னாவது? வேண்டாமென்றால் இந்த ஆள் என்னாவது?

அப்போதுதான் சரவெடியின் மனைவி துண்டோடு முன்னால் வந்தாள்.

"பாஸ்டர், பத்தொன்பது வருஷம் இவரோட குப்பை கொட்டியிருக்கேன். பால் கொட்டினா பூனை மேல பழி. பஸ்ஸ விட்டா டிரைவர் மேல பழி. என் தப்புன்னு இந்த வாய் ஒருநாள் சொன்னதில்ல. இன்னைக்கு ஒருத்தரும் கேக்காமச் சொல்லியிருக்கு. கெட்ட வார்த்தை நிக்கணும்னா நான் இத்தனை வருஷம் அழுதேன்? இதுக்குத்தான் பாஸ்டர் அழுதேன்." துண்டாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவர் பக்கம் திரும்பினாள். "இப்படி ஒரு சத்தியம் ஆண்டவரா கேட்டாரு? நீங்களாத்தானே போட்டீங்க? அதுக்கும் சேத்து மன்னிப்புக் கேட்டுட்டு இறங்குங்க."

சரவெடி தேம்பிக்கொண்டே இறங்கினார்.

"பாஸ்டர், சட்டுனு முக்குங்க," என்றாள் அவள். "நின்னா மறுபடியும் சாட்சி சொல்ல ஆரம்பிச்சுடுவாரு."