பத்து மீட்டர் தூரத்தில் பறக்கும் பணம்

துப்பாக்கி சுடும் கூடத்தில் குண்டைவிட வேகமாகப் போவது பணம். அதைவிட வேகமாக வருவது, அந்தப் பணம் எங்கே போனது என்று வீட்டில் சொல்வதற்கான பொய்.

பயந்துவிடாதீர்கள், எங்களுடையது வெறும் காற்றுத் துப்பாக்கி. செம்பூர் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு காம்ப்ளெக்ஸின் அடித்தளத்தில் எட்டுப் பேர் வரிசையாக நின்று சுடலாம். அந்தப் பக்கம் கறுப்பு வட்டம் போட்ட அட்டை. இந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மனுஷன். அவர் முதுகுக்குப் பின்னால், கண்ணாடிக் கவுண்டரில் நான். குண்டு டப்பா விற்பது, அட்டை எடுத்துக் கொடுப்பது, துப்பாக்கி சிலிண்டரில் காற்று நிரப்புவது, பில் போடுவது எல்லாம் என் வேலை. மீன் தொட்டி வைத்திருப்பவர்களே, கேமராவுக்கு நாலாவது லென்ஸ் வாங்கியவர்களே, ஞாயிற்றுக்கிழமை சைக்கிளுக்குத் தனி டவுசர் போடுகிறவர்களே, நாமெல்லாம் ஒரே கட்சி. தைரியமாக மேலே படியுங்கள்.

மூச்சுப் பயிற்சி

புதிதாக வருகிறவர் யாராக இருந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான். வருஷத்துக்கு எவ்வளவு ஆகும்? முதலாளி எனக்குச் சொல்லிக்கொடுத்த பதில், “ஆரம்பத்தில் பெரிசா ஒண்ணும் ஆகாது” என்பது. இதில் பொய்யே கிடையாது. ஆரம்பம் என்பது எங்கள் கூடத்தில் சுமார் ஒன்றரை மணி நேரம்.

மாதுங்காவிலிருந்து ஒரு மாமா வந்தார். பேங்க்கில் பெரிய அதிகாரியாக இருந்து ரிட்டயர் ஆனவர். ஊரார் கடன் மனுவையெல்லாம் திருப்பி அனுப்பிய கை. “இந்தப் பேச்செல்லாம் எங்கிட்ட வேண்டாம், ஐட்டம் ஐட்டமா எழுது” என்று பேப்பரை நீட்டினார். எழுதினேன். மெம்பர்ஷிப், மணிக்கு இவ்வளவு, குண்டு டப்பா, அட்டை, காற்று, விறைப்பான கோட்டு, அதே துணியில் பேன்ட், தட்டை அடியுள்ள ஷூ, ஒரு கைக்கு மட்டும் உறை, ஒரு கண்ணுக்கு மட்டும் கண்ணாடி, போட்டிக் கட்டணம். கூட்டிப் பார்த்தால் அவர் வந்த ஸ்கூட்டரைவிட அதிகம். மாமா பேப்பரை நாலாக மடித்துப் பையில் வைத்தார். சரி, ஆள் அம்பேல் என்று நினைத்தேன். மூன்று மாதப் பணத்தை எண்ணி வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ஆத்துல யோகா கிளாஸ்னு சொல்லியிருக்கேன். பில்லுல மூச்சுப் பயிற்சின்னு போட்டுக்கோ. சுடறச்சே மூச்சை அடக்கத்தானே வேணும், பொய்யும் இல்லை பாரு.”

பக்கத்து லாக்கர்

வீட்டுக்கு எடுத்துப் போக முடியாத சாமான்களை வைக்க எங்களிடம் லாக்கர் உண்டு. வாடகை தனி. ஏன் எடுத்துப் போக முடியாது என்று நான் கேட்க மாட்டேன். அது தொழில் தர்மம்.

செம்பூரில் பல் டாக்டராக இருக்கிற தம்பதி இரண்டு பேரும் மெம்பர்கள். அவர் காலையில் வருவார், அந்த அம்மா சாயங்காலம். அவர் ஜெர்மனியிலிருந்து ஷூ வரவழைத்து ஏழாம் நம்பர் லாக்கரில் வைத்து, “மேடத்துக்குத் தெரிய வேணாம்” என்றார். அடுத்த வாரமே அந்த அம்மா அதே ஊரிலிருந்து ஒரு டிரிகர் வரவழைத்து எட்டாம் நம்பரில் வைத்து, “சாருக்குத் தெரிய வேணாம்” என்றார். நடுவில் மாட்டிய நான் இரண்டு சாவிக்கும் வேறு வேறு கலரில் நூல் கட்டி, தூக்கம் கெட்டு அலைந்தேன். ஒரு நாள் கலர் மாறி, அந்த அம்மாவுக்கு ஏழாம் நம்பர் சாவியைக் கொடுத்துத் தொலைத்தேன். திறந்தார், பார்த்தார், மெதுவாக மூடினார். அவர் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “அந்த ஷூவை நான் பார்த்ததா அவர்கிட்ட சொல்லிடாதீங்க அண்ணா. சண்டை போடலாம்னுதான் ஆசை, ஆனா அவர் பதிலுக்கு என் லாக்கரைத் திறக்கச் சொல்வார்.”

வாடகைப் பல்

இவர்களையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த புத்திசாலிதான் நான். கூடம் திறப்பதற்கு முன் ஒரு மணி நேரம் சும்மா இருக்கும். டப்பாவின் அடியில் மெம்பர்கள் விட்டுப்போன குண்டுகள் இருக்கும். வாடகைத் துப்பாக்கி இருக்கும். ஒரு நாள் எடுத்துப் பார்த்தேன். ஐந்தாவது குண்டு நட்ட நடுவில் போய் உட்கார்ந்தது. அன்றைக்குப் பிடித்தது சனி.

மூன்று மாதத்தில் மெம்பர்களைவிட நன்றாகச் சுட ஆரம்பித்தேன். எங்கள் கோச் மராட்டிக்காரர், பேசுவதெல்லாம் இந்தி. அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “மாவட்டப் போட்டியில் நல்ல ஸ்கோர் போடு, உன்னை உதவி கோச்சாகப் போட முதலாளியிடம் நானே பேசுகிறேன்” என்றார். உதவி கோச் என்றால் என் சம்பளத்துக்கு மேல் இன்னொரு பாதி. எனக்கு நாற்பத்துமூன்று வயது. இந்த வயதில் என்னை யாரும் எதற்கும் சிபாரிசு செய்ததில்லை. சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. கோச் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்: “ஆனால் சொந்தத் துப்பாக்கி வேண்டும். வாடகைத் துப்பாக்கியில் போட்டிக்குப் போவது, வாடகைப் பல்லைக் கட்டிக்கொண்டு சக்லி முறுக்கு தின்கிற மாதிரி.”

அங்க என்ன பல்லியா?

என் மனைவி பெயர் செல்லக்கனி. மான்குர்த்தில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் கால்மிதி மெஷின் வைத்து ஜாக்கெட் தைக்கிறாள். கிங்ஸ் சர்க்கிளில் ஒரு துணிக்கடைக்காரர், பவர் மெஷினும் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷினும் வாங்கிவிட்டால் ஆடி முடிந்ததும் மாதாமாதம் நிரந்தரமாக ஆர்டர் தருவதாகச் சொல்லியிருந்தார். அதற்காகவே இரண்டு வருஷம் சீட்டுக் கட்டினாள். எண்பதாயிரம் கைக்கு வந்தது. “நாளைக்கு பேங்க்குல போட்டுருங்க” என்று என்னிடம் கொடுத்தாள். மறுநாள் கூடத்தில் கனடா கிளம்புகிற ஒரு மெம்பர் தன் துப்பாக்கியைப் பெட்டியோடு எழுபத்தைந்தாயிரத்துக்குத் தருவதாகச் சொன்னார். புதுசு அதைப்போல் மூன்று மடங்கு. பணம் பேங்க்குக்குப் போகவில்லை. மிச்ச ஐந்தாயிரமும் போட்டிக் கட்டணம், கோட்டு என்று கரைந்தது. உதவி கோச் ஆனதும் சம்பளத்தில் பிடித்து வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். மாமா எழுதச் சொன்ன பேப்பரே தேவலை, அதில் கூட்டலாவது சரியாக இருந்தது.

ஹார்பர் லைன் ரயிலில் அந்த நீளப் பெட்டியோடு ஏறினால் ஆளாளுக்குக் கித்தாரா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். வீட்டில் கனி கேட்டபோது, “கூடத்துத் துப்பாக்கி, ரிப்பேர் பார்க்கக் கொண்டு வந்தேன்” என்றேன். ரயிலில் சொன்ன பொய் உறைக்கவில்லை. கனி அதை நம்பி, கம்பெனி பொருளாச்சே என்று நல்ல துணியாகப் பார்த்துப் பெட்டிமேல் போர்த்தி வைத்தாள் பாருங்கள், அப்போது உறைத்தது.

வெற்றுச் சுடுதல் என்று ஒரு பயிற்சி உண்டு. குண்டு போடாமல், வெறும் சுவரைப் பார்த்து மணிக்கணக்கில் குறி வைக்க வேண்டும். இந்த விளையாட்டிலேயே காசில்லாத பகுதி அது ஒன்றுதான். தினமும் அடுப்படிச் சுவரைப் பார்த்து நின்றேன். மூன்றாம் நாள் கனி மெஷினை நிறுத்திவிட்டு என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “ரிப்பேர்னு சொன்னிய, அரை மணி நேரமா அசையாம நிக்கிய. அங்க என்ன பல்லியா இருக்கு?”

பதமான கோட்டு

சுடுகிறவர் போடும் கோட்டு மரப்பலகை மாதிரி விறைப்பாக இருக்க வேண்டும். அப்போதுதான் உடம்பு ஆடாது. வெளிநாட்டுக் கோட்டுக்கு என் பல மாதச் சம்பளம் ஆகும். தாராவியில் தோல் பட்டறை வைத்திருக்கிற காதர் பாய், எந்தச் சாமானையும் பார்த்த மாத்திரத்தில் அப்படியே செய்துவிடுவார். ஒரு மெம்பரின் கோட்டை இரவல் வாங்கிக் கொண்டுபோய், “இதே மாதிரி” என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் விறைப்பு என்று சொல்லவில்லை. பெரிய விஷயம் தெரிந்த ஆள் மாதிரி நடந்துகொள்வதில் ஒரு சுகம்.

அளவு, தையல், பக்கிள் எல்லாம் அச்சு அசலாக வந்திருந்தது. போட்டுப் பார்த்தால் கோட்டு பஞ்சு மாதிரி என் மேல் தொங்குகிறது. கல்யாணத்துக்குப் போகலாம், சுட முடியாது. பாய் இரவல் கோட்டையும் எடுத்து நீட்டினார். அதுவும் மடிந்தது! பாய் முகத்தில் அப்படி ஒரு பெருமை. “யாரோ சரியாப் பராமரிக்காம பழசைக் காய்ஞ்சு விறைக்க விட்டிருந்தாங்க தம்பி. ரெண்டையும் எண்ணெ போட்டுத் தட்டிப் பதமாக்கிட்டேன். பழசுக்குக் காசு வேணாம், நம்ம ஊர்ப் புள்ள.”

போன மார்ச்

அந்த மெம்பருக்குப் பாதிச் சம்பளத்தை அழுது சமாதானம் செய்து, இன்னொருவர் கோட்டை இரவல் வாங்கிக்கொண்டு போட்டிக்குப் போனேன். சுடுவதற்கு முன் சாமான்களைச் சோதிப்பார்கள். அங்கேதான் விழுந்தது அடி.

காற்றுச் சிலிண்டருக்கு ஆயுள் பத்து வருஷம். அதற்கு மேல் போட்டியில் விட மாட்டார்கள். தேதி சிலிண்டர் மேலேயே பொறித்திருக்கும். பழைய துப்பாக்கி வாங்குகிற ஒவ்வொரு மெம்பரையும் உட்காரவைத்து, “எல்லாத்தையும் விட்டுட்டு முதல்ல தேதியைப் பாருங்க” என்று பாடம் எடுப்பவன் நான். வீட்டுக்குச் சமையல் கேஸ் வந்தால்கூட அதைச் சுற்றி வந்து தேதி பார்க்கிறவன். என் துப்பாக்கியில் மட்டும் பார்க்கவில்லை. பளபளவென்று இருந்த கட்டையைத் தடவிப் பார்த்தேன், டிரிகரைத் தடவிப் பார்த்தேன், சிலிண்டரைத் திருப்பவே இல்லை. புதுச் சிலிண்டர் இருபதாயிரத்துக்கு மேல். என் சுற்று ஆரம்பிக்க இருபது நிமிஷம். சோதிக்கிற அம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் படித்துவிட்டு, ரொம்ப மரியாதையாக இந்தியில் சொன்னார்: “நல்ல சிலிண்டர்தான் சார். போன மார்ச் வரைக்கும்.”

செல்லக்கனியின் விலை

ஒரு குண்டுகூடச் சுடாமல் வீட்டுக்கு வந்தேன். ஆடி முடிய ஒன்பது நாள் இருந்தது. கனி மெஷின் வைக்க இடம் ஒதுக்கிச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டிருந்தாள். அதற்கு மேல் முடியவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பேங்க், பெட்டி, ரிப்பேர், கோட்டு, மார்ச். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். “ரெண்டு வருசம் ஒரு வாய் வெளியில வாங்கித் தின்னிருப்பனா?” என்று மட்டும் கேட்டுவிட்டு அழுதாள். நானும் அழுதேன். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, “சீட்டு எம்பேர்ல இருந்துது. அப்ப துப்பாக்கியும் என்னுதுதான். நாளைக்கு எடுத்துட்டு எங்கூட வாங்க” என்றாள்.

மறுநாள் கூடத்தில் என் கவுண்டர் மேலேயே பெட்டியைத் திறந்து வைத்தாள். மாமா, பல் டாக்டர், கோச், முதலாளி எல்லோரும் சுற்றி நின்றார்கள். நான் விற்றிருந்தால் கட்டையைத் தடவிக் காட்டியிருப்பேன். அவள் எடுத்த எடுப்பில், தாராவியில் வளர்ந்த இந்தியில், “சிலிண்டர் தேதி முடிஞ்சுபோச்சு, புதுசு நீங்கதான் போட்டுக்கணும். அதைக் கழிச்சு அறுபத்தெட்டாயிரம். ஒரு ரூபாய் குறையாது” என்றாள். எங்கள் கூடத்தில் இதற்கு முன் யாரும் நிஜ விலையைச் சத்தமாகச் சொன்னதில்லை. முதலாளியே வாடகைக்கு விட எடுத்துக்கொண்டார், பேரம்கூடப் பேசாமல்.

கிங்ஸ் சர்க்கிள் ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை. ஓவர்லாக் மெஷின் மட்டும் பழசாக வாங்கினாள், தேதி முதல் திருகாணி வரை பார்த்து. உதவி கோச் வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. சீட்டுப் பணத்தில் இன்னும் பன்னிரண்டாயிரம் குறைகிறது. அதற்கும் கனி வழி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு சாக்கு நிறைய ஜாக்கெட்டை என் முன்னால் கொட்டி, கொக்கிப் பொட்டலத்தையும் ஊசியையும் கையில் கொடுத்தாள். “ரெண்டு மணி நேரம் அசையாம நிக்கத் தெரிஞ்ச ஆளுக்கு ரெண்டு மணி நேரம் அசையாம உக்காரவும் தெரியும். கொக்கி வச்சு வச்சுக் கழிங்க.”

பத்து மீட்டருக்கு அப்பால் இருக்கிற பொட்டுப் புள்ளி பளிச்சென்று தெரிகிற எனக்கு மூக்குக்கு நேர் கீழே இருக்கிற ஊசிக்காது தெரியவில்லை என்பதை வைத்து, என்னைப் பற்றி நீங்கள் என்ன வேண்டுமானாலும் முடிவு கட்டிக்கொள்ளலாம்.