கருந்திரைத் துரையின் மென்பொருள்

குடும்பத்தில் அவனுக்குக் கருந்திரைத் துரை என்று பெயர். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடினால்தான் அது கணினி, மற்றதெல்லாம் விளையாட்டுச் சாமான் என்பது துரையின் கட்சி. விண்டோஸைத் தொடச் சொன்னார்கள் என்றே பார்த்த வேலைகளையெல்லாம் உதறிவிட்டு வந்தவன். யாராவது மவுஸைப் பிடித்தால் போதும், உதட்டைப் பிதுக்குவான். அதைப் பார்த்தாலே அவன் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்கா காது கேட்கும் திறனைச் சோதிப்பவள். பெரிய மருத்துவமனையில் கைகட்டி நின்றது போதுமென்று மாடியில் ஓர் அறை பிடித்து, சத்தம் புகாமல் சுவரை அடைத்து, சோதனைக் கருவியும் வாங்கிப் போட்டிருந்தாள். காது மருத்துவர் ஒருவர் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அவருக்குப் பிடித்தால் நோயாளிகளை இங்கேயே அனுப்புவார். இல்லாவிட்டால் அறையைப் பூட்டிவிட்டுப் பழைய இடத்துக்கே போய் நிற்க வேண்டியதுதான்.

கருவி தரும் எண்களை வரைபடமாக்கும் மென்பொருளைத் துரை எழுதித் தந்தான். எழுதியது அவனுடைய கறுப்புத் திரை யூனிக்ஸில், அக்காவின் கணினியோ விண்டோஸ். விண்டோஸுக்குள்ளேயே யூனிக்ஸ் இருப்பதுபோல் பாவனை பண்ணும் கருவிகள் உண்டு. மூக்கைப் பிடித்துக்கொண்டு அவற்றை ஒரு மடிக்கணினியில் நிறுவி, எழுதியதை அதிலேயே கம்பைல் செய்து ஓடும் மென்பொருளாக்கி, அதிலேயே ஓட்டியும் பார்த்துக் கையைத் துடைத்துக்கொண்டான். முந்தின நாளே வந்து என் கணினியில் ஒருதரம் போட்டுப் பாரேன் என்று அக்கா கெஞ்சினாள். இங்கே ஓடினால் எங்கேயும் ஓடும், மவுஸ் பிடிக்கிறவர்களுக்கு அதெல்லாம் புரியாது என்றான். பெரிய இவன்!

மருத்துவர் வந்தார். துரை மென்பொருளை அக்காவின் கணினியில் ஏற்றித் தட்டினான். ஏதோ ஒரு கோப்பைக் காணோம் என்று திரையில் ஒரு சிறு பெட்டி முளைத்தது. மறுபடி தட்டினான், மறுபடி அதே பெட்டி.

"என் மெஷின்ல ஓடுது சார். இந்த டப்பாதான் சரியில்ல."

எப்போது சரியாகும் என்று மருத்துவர் கேட்டார். அந்தப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, விண்டோஸின் குற்றங்குறைகளை அவருக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தான் துரை. அக்கா கண்ணைக் காட்டினாள், காலை மிதித்தாள். எங்கே நிறுத்தினான்! மருத்துவர் கேட்கிற வரைக்கும் கேட்டார். பிறகு, நான் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேனம்மா என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அதற்கப்புறம்தான் துரை சாவகாசமாகப் பெட்டியைப் படித்தான். அந்தப் பாவனைக் கருவிகளால் உருவாக்கிய எதுவும், அவற்றின் துணைக்கோப்பு ஒன்று பக்கத்தில் இல்லாமல் அசையாது. அவன் மடிக்கணினியில் அது ஏற்கனவே இருந்தது. கொண்டுவர வேண்டும் என்ற நினைப்புத்தான் துரைக்கு இல்லை. அதை எடுத்து இங்கே போட்டதும் வரைபடம் ஜம்மென்று வந்தது.

"பாத்தியாக்கா? நான் எழுதினதுல ஒரு தப்பும் இல்ல."

வேண்டுமானால் மருத்துவருக்கு ஃபோன் போட்டுத் தானே விளக்குவதாகவும் சொன்னான். இவனைப் போய் நம்பினேனே என்று அக்கா எழுந்தாள். சோதனைக் கருவியை அணைத்துத் துணி போட்டு மூடினாள்.

"ஆமாண்டா, ஒரு தப்பும் இல்ல. இனிமே நான் இங்க யார் காதைடா சோதிக்கறது?"