ஐந்தாம் நரம்பும் வீச்சுவலையும்

“ஒக்டோபர் 14, செவ்வாய், காலை 6.20. மச்சானின் வாய் இடப்பக்கம் இழுத்திருக்கிறது. வலக்கண் மூடவில்லை. தேநீர் வலக்கடைவாயால் ஒழுகியது. சேர்ட்டை மாற்றினார்.”

என் நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது. மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. நாவற்குடாவில் எங்களுக்குப் பக்கத்து வளவு. வாவியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வீச்சுவலை எறிவதுதான் அவருடைய தொழில், பொழுதுபோக்கு, பெருமை எல்லாமே.

அன்றைக்கே டொக்டரிடம் போனோம். முகநரம்பு வீங்கியிருக்கிறது, மெல்ல மாறும் என்று சொல்லி, குளிசையும் கண்ணுக்கு விடும் மருந்தும் தந்தார். அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். வீட்டில் பழைய உடற்கூற்றுப் புத்தகம் ஒன்று இருந்தது, எடுத்துப் பார்த்தேன். மூளையிலிருந்து நேரே புறப்படும் நரம்புகள் பன்னிரண்டு சோடி. முகத்தசைகளை ஆள்வது ஏழாவது. தாடையும் முகத்தில்தானே இருக்கிறது என்று நானே முடிவு கட்டி, “மச்சான், இனி நீங்க பல்லால வலை கடிக்க ஏலா” என்று அறிவித்தேன்.

அது சின்ன விஷயமல்ல. வீச்சுவலை எறிகிறவருக்கு இரண்டு கை போதாது. வலையில் ஒரு பங்கு முழங்கையில் தொங்கும், ஒரு பங்கு வலக்கையில் இருக்கும், ஈயக்குண்டு கோத்த விளிம்பில் ஓரிடத்தைப் பல் கவ்வியிருக்கும். உடம்பைத் திருப்பி எறியும்போது பல் கடைசியாக விட வேண்டும். அப்போதுதான் வலை வட்டமாக விரியும்.

23ஆம் திகதி, வியாழன், பல் இல்லாமலே எறிந்து பார்த்தார். வலை சுருட்டிய பாயைப் போல விழுந்தது. விழப்போன வலையை நிமிர்த்த இடுப்பை வெட்டித் திருப்பியதில் முதுகும் பிடித்துக்கொண்டது. கரைக்கு வந்து குந்த முடியாமல் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“முகமும் போச்சு, முதுகும் போச்சு. வலைய தேத்தாத்தீவுச் சகலனுக்குக் குடுக்கப் போறன்” என்றார். சகலன், அதாவது மச்சானுடைய மனைவியின் சகோதரியின் கணவர், பல நாளாக அந்த வலையைக் கேட்டுக்கொண்டிருந்தவர். ஞாயிறு, நவம்பர் 2, வந்து எடுப்பதாகப் பேச்சு.

28ஆம் திகதி முதுகுக்காக இயன்மருத்துவரிடம் கூட்டிப்போனேன். இளம் பெண். “எப்பிடி எறிஞ்சீங்க ஐயா? செய்து காட்டுங்க” என்றா. மச்சான் கட்டிலில் கிடந்த விரிப்பை உருவி முழங்கையில் தொங்கவிட்டு, மிச்சத்தைக் கையில் எடுத்தார். ஒரு நுனி தரையில் இழுபட்டது.

“இது எங்க போகும்?”

“அது பல்லுக்குப் போறது மிஸ். இப்ப ஏலாதாம்.”

“ஆரு சொன்னது?”

மச்சான் என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய முள்ளந்தண்டுப் படத்தைப் பார்த்தேன்.

அவ அவருடைய இரண்டு கன்னங்களிலும் விரல் வைத்து, “பல்லை இறுக்கிக் கடிங்க” என்றா. இரண்டு பக்கமும் தசை ஒரே மாதிரித் திரண்டது. “சிரிக்கிறதும் கண் மூடுறதும் ஏழாம் நரம்பு. கடிக்கிறது அஞ்சாம் நரம்பு. அதுக்கு ஒண்டும் இல்ல. கண்ணுக்குள்ள தண்ணி தெறிக்காமக் கண்ணாடி போடுங்க.”

முதுகையும் விளக்கினா. இடுப்பிலுள்ள முள்ளெலும்புகள் குனியவும் நிமிரவும் நன்றாக இடம் கொடுக்கும், முறுக்குவதற்குக் கொஞ்சம்தான். திரும்புவது தொடைப்பொருத்திலும் நெஞ்சுப்பகுதியிலும் நடக்க வேண்டும். பல் பிடிக்க வேண்டியதை இடுப்பு பிடிக்கப் போனதால் முள்ளந்தண்டோரம் ஓடும் நீளத்தசை இறுகிவிட்டது. “வலி இல்லாட்டி ஞாயிறு மெதுவா ரெண்டு வீச்சு. பாதத்தையும் சேர்த்துத் திருப்புங்க.”

வீட்டில் மச்சானின் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அண்ணன், அந்தப் புத்தகத்தக் கொஞ்சம் மூடி வைங்ககா” என்றா. மூடி வைத்தேன்.

ஞாயிறு காலை சகலன் ஒரு வெறும் சாக்கோடு கரையில் வந்து நின்றார். மச்சான், மகன் மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது போடும் கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். வலையை அடுக்கினார், விளிம்பைக் கவ்வினார், குதிகாலோடு திரும்பினார். வலை மேலே போய், வட்டமாக விரிந்து, சலசலவென்று விழுந்தது. நான் 7.05 என்று குறித்தேன். இரண்டாவது வீச்சும் விரிந்தது, வலையில் நாலு மணலை மீன் கிடந்தன.

“என்ன மச்சான், வலை தாறதெண்டெல்லோ சொன்ன?” என்றார் சகலன்.

“சாக்கப் பிடி. மீன் தாறன்.”

“இந்த நாலு மணலைக்கா தேத்தாத்தீவில இரிந்து வந்தநான்?”

மச்சான் பாதி முகத்தால் சிரித்தார். மற்றப் பாதி டிசம்பர் நடுப்பகுதியில்தான் சேர்ந்துகொண்டது. சகலன் இன்னும் அந்த வலையைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

ஒரு விஷயம் மட்டும் மிச்சம். முகத்தில் இந்த வருத்தம் வருமுன் வலையை எந்தப் பக்கத்துப் பல்லால் கவ்வினார்? இடப்பக்கம் என்கிறார் அவர். வலப்பக்கம் என்று அடித்துச் சொல்கிறா அவருடைய மனைவி. இவ்வளவு காலமும் பக்கத்திலிருந்து பார்த்த நான் அதைக் குறித்து வைக்கவில்லை. ஆகவே இது இன்னும் உறுதிசெய்யப்படவில்லை.