அக்காவை யார் கூப்பிட்டது?

போன சனிக்கிழமை கோவை புத்தகக் கண்காட்சியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பதிப்பாளர் ஸ்டாலில் எனக்கு ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு தண்ணீர் பாட்டில். பின்னால் ஃபிளெக்ஸில் என் முகம் — எட்டு வருடத்துக்கு முந்தைய முகம். வந்தவர்கள் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மரியாதைக்கு ஒன்றும் சொல்லாமல் இருந்தார்கள்.

இந்தப் பத்தியைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் காதல் நாவல்கள் எழுதுகிறவன். ஆணும் ஆணும் காதலிக்கிற கதைகள். நானும் அப்படித்தான். நானும் ரகுவும் வடவள்ளிப் பக்கம் ஒன்பது வருடமாகச் சேர்ந்து வாழ்கிறோம். ரகு மோட்டார் பம்ப் கம்பெனியில் டிசைன் இன்ஜினியர். அவன் வைக்கும் ரசத்தைப் பற்றி இந்தப் பத்தியில் ஏற்கெனவே புலம்பியிருக்கிறேன்.

என் புத்தகத்தை வாங்குகிறவர்களை ஸ்டால் வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவேன். முதலில் பக்கத்து அடுக்கில் இருக்கும் சமையல் புத்தகத்தை எடுப்பார்கள். ஐந்து நிமிடம் அதையே புரட்டுவார்கள். அப்புறம் கை மட்டும் நகர்ந்து என் நாவலுக்கு வரும்... பின்னட்டையைப் படிப்பார்கள். சுற்றிலும் ஒரு பார்வை. பில் போடும்போது, "வெளிய தெரியாத மாதிரி கவர் இருக்குங்களா?" என்று கேட்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. இருபது வயதில் அந்தக் கவரைக் கேட்டு வாங்கியவன் நான்.

அன்றைக்கு ஒரு பெரியவர் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் விவசாயப் புத்தகங்கள் ஒரு பை நிறைய.

"ஏனுங்க, இது எந்த மாதிரி புக்குங்க?"

"காதல் கதைங்க. ரெண்டு பசங்க காதலிக்கறாங்க."

"ஒரே பொண்ணையவுங்களா?"

"இல்லீங்க. ஒருத்தனை ஒருத்தன்."

"ஓ... செரிங்க." புத்தகத்தை இருந்த இடத்திலேயே நேராக வைத்தார். "நல்லா எழுதுங்க. நான் வாரேனுங்க." கும்பிட்டுவிட்டுப் போனார். எங்கள் ஊரில் வேண்டாம் என்பதற்கும் ஒரு 'ங்க' உண்டு. பல சமயம் அந்த மரியாதையில்தான் வலி அதிகம்.

நாலரை மணி இருக்கும். வரிசையில் ஆறேழு பேர். குனிந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டே, அடுத்து நீண்ட புத்தகத்தை வாங்கினேன். பள்ளிக்கூடப் புத்தகம் மாதிரி பிரவுன் அட்டை போட்டிருந்தது. சரி, இன்னொரு ஒளித்துப் படிக்கிற ஆள் என்று நினைத்துக்கொண்டேன். "பேரு சொல்லுங்க" என்றேன்.

"அக்கான்னு எழுது, போதும்."

நிமிர்ந்தேன். என் அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு ஒரே அக்கா. கோபிசெட்டிபாளையத்தில் கட்டிக்கொடுத்தது. நான் பள்ளியில் படிக்கும்போதே அம்மா போய்விட்டாள். அப்புறம் பொள்ளாச்சி வீட்டில் அப்பா, அக்கா, நான், மூன்று பேர்தான். எட்டு வருடத்துக்கு முன்னால், ரகுவைப் பற்றி அப்பாவிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. வாசலில் கிடந்த என் செருப்பை எடுத்துக்கொண்டு போய் கேட்டுக்கு வெளியே ஜோடியாக வைத்தார். அதற்கப்புறம் மூன்று வருடம் இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தச் செருப்பைப் பார்த்த பிறகு, அக்காவிடம் நேரில் போகிற தைரியம் எனக்கு வரவில்லை. போனில் சொன்னேன். முழுவதும் கேட்டுக்கொண்டாள். அப்புறம், "சாப்பிட்டயா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். வைத்துவிட்டாள்.

நாலு வருடத்துக்கு முன்னால் நானும் ரகுவும் வீடு வாங்கினோம். குடிபோகும் நாளை அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். வீட்டு போட்டோ, லொக்கேஷன், கூடவே 'முடிந்தால் வரவும்' என்று ஒரு வரி. அவள் வரவில்லை. பதிலும் இல்லை. அன்றோடு என் பிறந்த வீட்டுக் கணக்கில் யாரும் மிச்சமில்லை என்று முடிவு கட்டினேன். நானும் கூப்பிடவில்லை, அவளும் கூப்பிடவில்லை... நாலு வருடம்.

ஆனால் எழுத்தாளன் சும்மா இருப்பானா? அந்தக் கோபத்தில்தான் என் மூன்றாவது நாவலை எழுதினேன். அதில் கதிர் என்று ஒரு பையன். தன் காதலனைக் கல்யாணம் செய்துகொள்கிறான். அன்றைக்கு அவன் அக்கா வரவில்லை. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒரு சடங்கு உண்டு. மாப்பிள்ளையோடு பிறந்தவள்தான் அதற்கு நிற்க வேண்டும். கதிருக்கு நிற்க ஆளில்லை. சீர் இல்லாமலே மாலை மாற்றுகிறான், அழுகிறான். அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு எத்தனை பேர் எழுதினார்கள் தெரியுமா? 'இதுதான் உண்மை', 'எங்கள் வீட்டிலும் இப்படித்தான்'... நான் எழுதியதிலேயே அதிகம் பாராட்டு வாங்கிய பகுதி அதுதான்.

அந்த நாவலைத்தான் அக்கா கையில் வைத்திருந்தாள்.

"வாங்கக்கா" என்றேன். பின்னால் நின்றவர்களிடம் அவளே, "ஒரு நிமிசமுங்க, என்ற தம்பிங்க" என்று சொல்லிவிட்டு, ஸ்டால்காரர் இழுத்துப் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

அந்த பிரவுன் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கவனித்துவிட்டாள்.

"மேலட்டை நைஞ்சு போச்சு சாமி. ரெண்டு தடவை படிச்சேன். அதுக்குத்தான் போட்டேன்."

எனக்கு முகம் சுட்டது. பார்த்த மாத்திரத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதை மேலே எழுதியிருக்கிறேன்.

"எல்லாப் பக்கமும் படிக்கல" என்றாள், குரலைத் தணித்து. "சில எடம் தள்ளிட்டுத்தான் படிச்சேன். எதுக்குடா அத இத்தன நீளமா எழுதறே?" வரிசையில் முதலில் நின்ற பெண் சிரிப்பை அடக்க இருமினாள்.

அப்புறம் அக்கா மடித்து வைத்திருந்த பக்கத்தை விரித்து மேசையில் வைத்தாள். அந்தக் கல்யாண அத்தியாயம்.

"இந்த அக்கா எதுக்குக் கல்யாணத்துக்கு வரல?"

"அது... அவளுக்கு இதுல இஷ்டமில்லீங்கக்கா."

"அப்படீன்னு யாரு சொன்னா? அவ சொன்னாளா?"

"கதையில அப்படித்தானுங்க..."

"கதையத்தான் கேக்கறேன். இந்தக் கதிரு பெங்களூர் போறான். மூணாறு போறான். கப்பல் பாக்கக் கொச்சிக்குப் போறான். அக்கா ஊட்டுக்கு மட்டும் போகவே இல்ல. எந்தப் பக்கத்துலயாச்சும் போய்க் கூப்பிட்டிருக்கானான்னு தேடிப் பாத்தேன். இல்ல. கூப்பிடாமயே, வரலைன்னு அழுதா எப்படி?"

நான் அந்த நாவலை நாலு முறை திருத்தி எழுதியவன். எடிட்டர் படித்திருக்கிறார். விமர்சனம் எழுதியவர்கள் படித்திருக்கிறார்கள். இந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றியதில்லை.

"மெசேஜ் அனுப்பியிருப்பானுங்கக்கா" என்றேன். சொன்ன உடனேயே சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது.

"நாளைக்குப் பால் வேண்டாமுன்னு பால்காரருக்கு அனுப்பறதுக்குப் பேரு மெசேஜு. கூடப் பொறந்தவள ஊட்டுக்கு வந்து, தாம்பாளத்துல வெத்தலை பாக்கு வெச்சு, வாங்கன்னு சொல்லோணும். நீ சொன்னயா? முடிந்தால் வரவும்னு போட்டே. முடிஞ்சா வர்றதுக்கு நான் யாரு, பக்கத்து ஊட்டுக்காரியா?"

இப்போது கதிர் பேச்சில் இல்லை.

எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரியும். பங்காளியோ, பிறந்தவளோ, வீடு தேடி வந்து அழைக்காவிட்டால் விசேஷத்துக்கு வர மாட்டார்கள். பத்திரிகையைத் தபாலில் அனுப்பியதற்காகப் பத்து வருடம் பேசாத குடும்பங்களை எனக்கே தெரியும். அதை வைத்து இந்தப் பத்தியில் கிண்டலும் அடித்திருக்கிறேன். ஆனால் என் அக்கா வராதபோது, அந்தக் காரணம் என் மண்டையில் ஏறவே இல்லை. ரகு இருப்பதால்தான் வரவில்லை என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

"பயந்துட்டேனுங்கக்கா" என்றேன். "நேர்ல வந்தா, உங்க மூஞ்சி மாறுறதப் பாக்க வேண்டி வருமேன்னு பயம். அப்பாவ ஒருக்கா பாத்துட்டேன். இன்னொருக்கா என்னால முடியாதுன்னு..."

முடிக்க முடியவில்லை. அத்தனை பேர் நடுவில், என் ஃபிளெக்ஸ் முகத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு அழுதேன். அக்கா என் தண்ணீர் பாட்டிலைத் திறந்து முன்னால் வைத்தாள்.

"அப்பா செஞ்சது தப்பு" என்றாள். "அத அவருகிட்டயே சொன்னேன். நீ போன்ல சொன்ன அன்னைக்கு எனக்கு என்ன பேசறதுன்னு தெரியல. சாப்பிட்டயான்னு கேட்டேன். அதுக்கு மேல வாய் வரல. அப்புறமாச்சும் நான் ஒரு போன் போட்டிருக்கோணும். மெசேஜுல கூப்பிட்டவன்தானேன்னு வீம்பா இருந்துபோட்டேன். எம் மேலயும் தப்பு இருக்குது."

"இப்ப... புரிஞ்சுதுங்களாக்கா?"

கொஞ்சம் யோசித்தாள். "முழுசா இல்ல. பொய் சொல்லக் கூடாது. ஆனா வர்றதுக்கு எதுக்கு எல்லாம் புரியோணும்?"

மைக்கில் யாரோ காணாமல் போன கண்ணாடியைப் பற்றி அறிவித்தார்கள். அக்கா எழுந்தாள், புடவையைச் சரி செய்தாள்.

"கூப்பிடறதுன்னா ஊட்டுக்கு வந்து கூப்பிடு" என்றாள். "நீ மட்டும் வராத. ஒத்தையா வந்து அழைக்கறது நம்ம வழக்கத்துலயே இல்ல. சோடியாத்தான் வரோணும்."

சொல்லிவிட்டுக் கூட்டத்தில் போய்விட்டாள். வழக்கத்தைத்தான் சொன்னாள், தினமும் எல்லா வீட்டிலும் சொல்கிற வழக்கம். அதில் ரகுவுக்கு ஓர் இடம் இருக்கிறது என்பதை அவள் தனியாகச் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்பது போலச் சொன்னாள். அதற்கப்புறம் நான் போட்ட கையெழுத்துகள் எதுவும் என் கையெழுத்து போலவே இல்லை. வாங்கிப் போனவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வந்து ரகுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சாதம் வடித்துக்கொண்டிருந்தான். "எதுக்குன்னு கூப்பிடறது?" என்றான். வடித்து முடித்து, கையைத் துடைத்துவிட்டு அவனே சொன்னான். "மாலை மாத்திக்கலாமா?"

சட்டத்தில் இதற்கு இன்னும் பெயரில்லை. அதனால்தான் செய்யவில்லை என்று நண்பர்களிடம் சொல்லி வந்தோம். அது பொய். யார் வருவார்கள் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் ஒன்பது வருடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அன்றைக்கு முதல்முறையாக உட்கார்ந்து நாள் குறித்தோம். ஆவணியில், வீட்டிலேயே, முப்பது பேர்.

புதன்கிழமை ரகு லீவு போட்டான். தாம்பாளம், வெற்றிலை பாக்கு, பழம், பூ. அவிநாசி தாண்டும்வரை அவன் அழைக்கிற வாசகத்தை மனப்பாடம் செய்துகொண்டே வந்தான். வீட்டில் தெலுங்கு பேசி வளர்ந்தவன். எங்கள் கொங்குப் பேச்சில் சொன்னால்தான் சரியாக இருக்கும் என்று பிடிவாதம்.

அக்கா வீட்டில் மச்சான் பனியனோடு முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "வாங்க மாப்ள" என்றார் என்னை. ரகுவைப் பார்த்துக் கொஞ்சம் தாமதித்து, "வாங்க" என்றார். அப்புறம் பேப்பருக்குள் போய்விட்டார்.

அக்கா காபி கொடுத்தாள். குடித்தோம். நாங்கள் தாம்பாளத்தோடு எழுந்ததும் அவள் மச்சானைப் பார்த்தாள். "ஏனுங்க, வந்து நில்லுங்க. ரெண்டு பேரையுந்தான் கூப்பிடறாங்க."

மச்சான் எழுந்தார். எங்களைத் தாண்டி உள்ளே போனார். திரும்ப வருவாரா என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்கும் தெரியவில்லை என்பது அவள் நின்ற நிலையில் தெரிந்தது.

வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கடைசிப் பட்டனைப் போட்டபடியே அக்காவின் பக்கத்தில் நின்றார்.

ரகுதான் சொன்னான். "குடும்பத்தோட வந்து நின்னு நடத்திக் குடுக்கோணுமுங்க." ஒரு எழுத்துப் பிசகவில்லை. மச்சான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கினார். அக்கா, "வாரோம்" என்றாள்.

எல்லா வீட்டுக் கதவும் இப்படித் திறக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். திறக்காத வீட்டிலிருந்து வந்தவன் நான். போய் நின்று அடி வாங்கியவர்களிடம், மறுபடி போய்த் தட்டுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. என் கதையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நாவல் அச்சாகிவிட்டது. அதில் கதிர் இன்னும் அழுதுகொண்டுதான் இருக்கிறான். அவனிடம் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. மன்னித்துக்கொள் கதிர்... உன் அக்கா வந்திருப்பாள், நான்தான் கூப்பிடவில்லை.