ஆட்சேபணை இல்லாத ஊர்

எங்கள் ஊருக்கு வழவழப்பாகத் தார் போட்ட காப்பட் வீதி வரப்போகிறது என்று கேட்டதும் முதலில் கைதட்டியவர்கள் நாங்கள், பிள்ளைகள். அதுவரைக்கும் வாழைச்சேனைச் சந்தைக்குச் சைக்கிளில் போய் வருவதென்றால் இடுப்பெலும்பு கழன்று கையில் வந்துவிடும். சண்டை ஓய்ந்து கொஞ்சக் காலம்தான் ஆகியிருந்தது. நல்லது ஒன்று வந்தால் அதற்குப் பின்னால் என்ன வருகிறது என்று எட்டிப் பார்க்கும் பழக்கம் பெரியவர்களிடம் இருந்தது, எங்களிடம் இல்லை. வீதிக்குப் பின்னால் வந்தது தார் காய்ச்சும் ஆலை.

நாங்கள் அந்த ஊருக்கே புதியவர்கள். கல்குடாப் பக்கம் கரையோரமாக இருந்த எங்கள் பழைய ஊரைச் சுனாமி வாரிக்கொண்டு போன பிறகு, உள்ளே தள்ளி வாவிக்கரையில் வரிசை வீடுகள் கட்டித் தந்து மிஞ்சியவர்களைக் குடியேற்றியிருந்தார்கள். எல்லா வீடும் ஒரே மாதிரி. முதல் வருடம் அப்பா இரண்டு தடவை அடுத்த வீட்டுக்குள் போய்ச் சாப்பாடு கேட்டார் என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள். சுற்றிலும் ஆளில்லாத பற்றைக்காணி. கடலுக்குப் பயந்து நாங்கள் அங்கே போனோம், ஆளில்லாத காணி என்று ஆலையும் அங்கேயே வந்தது.

விடியுமுன்னரே அது உறுமத் தொடங்கும். எங்கிருந்து வருகிறது என்று காட்ட முடியாத உறுமல், தரையிலிருந்து பாய் வழியாக முதுகுக்குள் ஏறும். பிறகு புகை. காற்றில்லாத நாட்களில் அது மேலே போகாமல் வீடுகளுக்கு நடுவே வந்து நிற்கும், பட்டப்பகலில் சூரியன் செம்புத் தட்டாகத் தொங்கும். கொடியில் காய்ந்த வெள்ளைப் பள்ளிச் சட்டையில் கறுப்புத் தூள், ஆட்டுப்பாலில் கறுப்புத் தூள், காலையில் நாக்கை நீட்டினால் அதிலும் கறுப்பு. யார் நாக்கு அதிகம் கறுப்பு என்று எங்களுக்குள் போட்டி நடக்கும். வாவிக்கரைத் தண்ணீரில் எண்ணெய் மிதந்து வானவில் காட்டியது. கொக்குகள் அந்தப் பக்கம் இறங்குவதை நிறுத்திவிட்டன. எனக்கு அது பயமாக இருந்தது, ஆனால் யாரிடமும் சொல்லவில்லை.

தம்பிக்கு அப்போது நாலு வயது. அவனுக்குத் தொய்வு. புகை நிற்கும் நாட்களில் நெஞ்சு உள்ளே போய் விலா எலும்பு தெரிய மூச்சை இழுப்பான். மூச்சுக்குள்ளே யாரோ மெல்ல விசிலடிப்பது போலக் கேட்கும். அம்மா அவனை நிமிர்த்தித் தோளில் சாய்த்தபடி உட்கார்ந்திருப்பாள். அந்த விசில் கேட்டுக்கொண்டிருக்கும்வரை அவள் கண் மூடமாட்டாள், அது நின்றாலும் மூடமாட்டாள்.

ஒருநாள் கிராம சேவகர் மோட்டார் சைக்கிளில் வந்தார். ஆலை தற்காலிக அனுமதியில் ஓடுகிறதாம், முழு உரிமம் கொடுப்பதற்கு முன் சுற்றாடல் அதிகாரி வந்து பார்த்து, பள்ளிக்கூட மண்டபத்தில் வைத்து ஊராரின் ஆட்சேபணையைக் கேட்பாராம். “சனம் வாயத் திறந்து சொன்னாத்தான் அவர் எழுதுவார் அக்கா. கூட ஆக்கள் சொன்னா ஆலைய அங்கால காட்டுப் பக்கம் மாத்தச் சொல்லலாம்” என்றார்.

அம்மா மாதர் சங்கத் தலைவி. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று எனக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தவள். “இவட வாய்க்கு ஆலை தானா எழும்பிப் போயிரும்” என்று அப்பா கேலி செய்தார். அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. தேங்காய் துருவும்போது, வாசல் கூட்டும்போது, தம்பிக்கு முதுகு தடவும்போது எல்லாம் பேச்சைப் பழகினாள். கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடம்.

“ஐயா, நாங்க றோட்டு வேணா எண்டு சொல்லல்ல. றோட்டு வேணும். தார் காய்ச்சிறத்தக் கொஞ்சம் அங்கால கொண்டு போங்க. என்ட புள்ளைக்கு மூச்சு ஏலாமக் கிடக்கு. இஞ்ச வந்து அவன்ட நெஞ்சில காத வெச்சுக் கேளுங்க.”

கடைசி வரிக்கு வரும்போது ஒவ்வொரு முறையும் அவள் குரல் உடையும். உடையாமல் சொல்ல வேண்டும் என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அந்த நாளும் வந்தது. சந்திப் பிள்ளையார் கோயிலுக்குப் போவது போல ஊரே குளித்து உடுத்திப் பள்ளிக்கூடத்துக்குப் போனது. வாசலில் ஒரு மேசை. பெயர் சொல்லிக் கையெழுத்து வைத்துவிட்டு உள்ளே போகவேண்டும். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. மேசைக்குப் பக்கத்திலேயே ஆலையைப் பார்த்துவிட்டு நேரே வந்த ஜீப் நின்றது.

ஜீப்பின் முன் இருக்கையில் அதிகாரி இருந்தார். அவருக்கு முகம் இல்லை. அதாவது, முகத்தை முழுக்க மூடிய ஒரு ரப்பர் முகமூடி இருந்தது. கண்ணுக்கு இரண்டு கண்ணாடி வட்டம், கன்னங்களில் தகர டப்பி மாதிரி இரண்டு வடிகட்டி. ஆலைக்குள் போகப் போட்டதை இன்னும் கழற்றவில்லை. பிள்ளைகள் நாங்கள் ஜீப்பின் மறுபக்கம் ஓடிப்போய் எட்டிப் பார்த்துச் சிரித்தோம். அந்தப் பக்கக் கண்ணாடி இறக்கியிருந்தது. அவர் காதில் வயர் செருகி, மடியில் கைத்தொலைபேசி வைத்திருந்தார். யாரோ பெரியவர் பேசுகிறார் போலும். முகமூடிக்குள்ளிருந்து பதில் சொல்ல முடியாமல், அந்தப் பெரியவர் சொல்லச் சொல்லத் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். எங்களுக்கு அது பெரிய வேடிக்கை.

சிரித்துக்கொண்டே நிமிர்ந்தபோதுதான் வேறு யாரும் சிரிக்கவில்லை என்று கண்டேன். இரண்டு வரிசையும் அப்படியே நின்றிருந்தன. மேசைக்கு நேரே அப்பா, கையில் பேனாவோடு. அவரைப் பார்த்தபடி முகமூடி மேலும் கீழும் அசைந்தது. கொஞ்சம் நின்று, மறுபடி அசைந்தது. அப்பாவின் முகத்தில் இரத்தமே இல்லை. ஒருவரும் ஓடவில்லை. பெண்கள் வரிசையில், அம்மாவின் தோளில் தம்பியின் மூச்சு விசிலடிப்பது கேட்டது.

அம்மா அப்போது கண்டதை நான் காணவில்லை. பழைய ஊரில், நான் பிறப்பதற்கு முன்னால், ஆமிக்காரர் ஊரைச் சுற்றிவளைக்கும் நாட்களில் ஊராரை மைதானத்தில் வரிசையாக நடத்துவார்களாம். ஜீப்பில் ஒருவர் இருப்பார், தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. தலையாட்டி என்று அவருக்குப் பெயர். ஆளைப் பார்த்து அவர் தலையை ஆட்டினால், அந்த ஆளை வேறாகப் பிரித்து ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். என் மாமாவை, அம்மாவின் ஒரே தம்பியை, அப்படித்தான் ஏற்றினார்கள். அவர் திரும்பி வரவில்லை. வளர்ந்த பிறகு பெரியம்மா சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் அறிந்திருந்தது, அந்த மனிதர் போன் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது மட்டும். அதை யாருக்காவது சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. சிறுபிள்ளையிடம் யார் கேட்கப்போகிறார்கள்?

மண்டபத்துக்குள் அதிகாரி முகமூடியைக் கழற்றிவிட்டு வந்தார். இளவயது, மென்மையான குரல், கன்னத்தில் ரப்பர் பதிந்த சிவப்புக் கோடு. நல்ல மனிதர்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

“பயப்படாமச் சொல்லுங்க. யாருக்கு என்ன குறை இரிந்தாலும் சொல்லுங்க. பேரையும் சொன்னா எழுதிக்கொள்ளுவன்” என்றார்.

பயப்படாமல், பேரைச் சொல்லி. அந்த ஊராரிடம் இதைவிடப் பயங்கரமான இரண்டு வார்த்தை யாரும் சொல்லியிருக்க முடியாது. ஆலையின் உறுமல் கேட்டது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அவர் திரும்பத் திரும்பக் கேட்டார், திரும்பத் திரும்ப உறுமல்தான் பதில் சொன்னது. பிறகு அவருடைய பார்வை அம்மாவின் மடிக்கு வந்தது.

“பிள்ளைக்கு என்ன? மூச்சு இழுக்கிற மாதிரி இரிக்கே.”

“ஒண்டுமில்ல ஐயா” என்றாள் அம்மா. “சளி, தடிமன்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அம்மாவுக்குப் பேச்சு மறந்துபோய்விட்டது, எனக்கு மறக்கவில்லை. எழுந்து நின்று, “ஐயா, நாங்க றோட்டு” என்று தொடங்கினேன். அதற்குள் அம்மாவின் கை வந்து என் வாயைப் பொத்தியது. இழுத்து உட்கார வைத்தாள். பல் உதட்டில் குத்தி உப்புக் கரித்தது. அந்தக் கை இன்றைக்கும் என் முகத்தில் இருக்கிறது. ஜீப் புறப்பட்டுச் சத்தம் தேயும்வரை அவள் கையை எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் ஊரில் ஆண்கள் இல்லை. அப்பா மட்டக்களப்பு டவுனில் இருக்கும் மாமி வீட்டுக்குப் போய்விட்டார் என்றாள் அம்மா. பக்கத்து வீட்டு அண்ணன்மாரும் இல்லை, கடைக்காரரும் இல்லை. எங்கே எல்லோரும் என்று கேட்டேன். “தொழிலுக்கு மனே” என்றாள். வாவிக்கரைக்குப் போய்ப் பார்த்தேன். தோணிகள் எல்லாம் கரையில் கிடந்தன, அவற்றின் மேல் கறுப்புத் தூள் படிந்திருந்தது. பெண்கள் பகலிலும் கதவைச் சாத்தி வைத்தார்கள். தூரத்தில் எந்த வாகனம் வந்தாலும் அம்மா கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டு நிற்பாள். புகைக்குப் பயந்துதான் ஆண்கள் எங்களை விட்டுவிட்டு ஓடிப்போனார்கள் என்று நான் முடிவு கட்டினேன். தம்பிக்கு அந்த நாட்களில் மிகவும் கூடாமல் இருந்தது.

கடைசியில் கிராம சேவகரின் மோட்டார் சைக்கிள் வந்தது. அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆலைக்கு உரிமம் குடுத்தாச்சு அக்கா. ஊரில ஆட்சேபணை இல்லை எண்டு எழுதிப்போட்டாங்க” என்றார் அவர். அவருக்கும் எங்கள் மேல் கோபம். “அவ்வளவு சொன்னனே, ஒருத்தரும் வாய் திறக்கல்லியே.”

“வேற ஒண்டும் இல்லியா தம்பி?”

“வேற என்ன அக்கா?”

“ஆக்கள்ட பேர் ஒண்டும் கேக்கல்லியா?”

“இல்லியே. உரிமம் மட்டுந்தான்.”

அம்மா நிலையோடு சரிந்து உட்கார்ந்தாள். சிரித்தாள், சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வழிந்தது. பக்கத்து வீட்டுக்காரிகளைக் கூப்பிட்டுச் சொன்னாள், அவர்களும் அழுதார்கள். அப்பாவுக்குப் போன் போட்டு, “வாங்க, ஒண்டும் இல்லியாம், வாங்க” என்றாள். பிறகு, தூள் விழாமல் பானைக்கு மூடி போட்டு, சர்க்கரைப் புக்கை பொங்கினாள். பிறந்தநாளுக்குக்கூட எங்கள் வீட்டில் அப்படிப் பொங்கியதில்லை.

அப்பா வந்து சேர்ந்ததும் எல்லோரும் வட்டமாக இருந்து சாப்பிட்டோம். தம்பி அம்மாவின் மடியில் இருந்து, ஒவ்வொரு வாய்க்கும் நடுவே மூச்சுக்காக நின்று நின்று சாப்பிட்டான். ஆலைக்கு உரிமம் கிடைத்ததற்கு இவள் ஏன் பொங்குகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. ஆலைக்காரர்கள் அம்மாவுக்கு ஏதோ கொடுத்துவிட்டார்கள் என்றுதான் அந்த வயதில் எனக்கு யோசிக்கத் தெரிந்தது. அவள் ஊட்டிவிட நீட்டிய புக்கையை வாங்காமல் எழுந்து போனேன்.