நங்கூர ஹமீட்டும் பத்து டின் பவுடரும்

கற்பிட்டியில் நங்கூர ஹமீட்டை மீன்களுக்கும் தெரியும். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வரும்போது ஒரு சுத்தியலும் ஒரு வாயும்தான் கொண்டுவந்தார். சுத்தியல் தேய்ந்துவிட்டது. வாய் அப்படியே இருக்கிறது.

இரும்பைச் சிவக்கக் காய்ச்சி, அச்சில் வைத்து அழுத்தி, படகுகளுக்கு நங்கூரக் கொக்கி செய்வது அவர் தொழில். இரும்பு அச்சில் ஒட்டாமலிருக்கப் பழைய எஞ்சின் எண்ணெய் பூசுவார். அப்போது கிளம்பும் புகையில், இரவாகிவிட்டதென்று கோழிகள் பட்டப்பகலில் கூட்டுக்குள் போய்ப் படுத்துவிடும். அந்தப் புகை நேராகப் போய் இறங்குவது பக்கத்து வளவில் அனஸ்தாசியா காயப்போட்ட கருவாட்டில்.

ஒருநாள் அவள் வேலியைப் பிய்க்காத குறையாக வந்தாள்.

“ஹமீட் நானா, என்ட கட்டாக் கருவாட்ட மோந்து பார்த்திட்டு, இது கடல்ல புடிச்சதா கராஜ்ல புடிச்சதா எண்டு கொழும்பு முதலாளி கேக்கிறார்! வெள்ளிக்கிழம வரைக்கும் பாப்பன். அதுக்குப் பொறகும் புகை வந்திச்சோ, தலவில கோயில் அன்னம்மா மேல ஆண, பிரதேச சபைக்குக் கடிதம் போகும். பட்டறைய மூடுவாங்க. கடிதம் எழுதியே வச்சிட்டன்!”

ஹமீட் சிரித்துக்கொண்டுதான் நின்றார். ஆனால் பட்டறையை விட்டால் அவருக்கு வேறு தொழில் தெரியாது.

முதலில் தேங்காயெண்ணெய் பூசிப் பார்த்தார். புகை குறையவில்லை, பொரியல் வாசத்துக்குப் பாதித் தெரு பீங்கானோடு வந்து நின்றது. அடுத்து வெறும் தண்ணீர். இரும்பும் அச்சும் புது மாப்பிள்ளையும் பெண்ணும் போல ஒட்டிக்கொண்டன. பிரிக்க மூன்று பேரும் ஓர் உளியும் தேவைப்பட்டது.

வியாழக்கிழமை, சிலாபத்தில் இரும்பு வேலை படிப்பிக்கும் றொமேஷுக்குப் போன் எடுத்தார்.

“எண்ணெய் எண்டா எரியும்தானே நானா. டல்க் எண்டு ஒரு மிருதுவான கல்லு இரிக்கி. அந்தத் தூளத் தண்ணில கரைச்சு சூடான அச்சில தடவுங்க. தண்ணி ஆவியாப் போகும், தூள் படிஞ்சு நிக்கும். எரியாது, புகையாது. இரும்பு வழுக்கிட்டு வரும்.”

“எங்க வாங்குற?”

“கொழும்புக்குச் சொல்லணும். பத்து நாளாகும்.”

“நாளைக்கு வெள்ளிக்கிழமடா தம்பி!”

“அப்ப புள்ளைக்குப் பூசுற பவுடர் வாங்குங்க. டின்ல டல்க் எண்டு போட்டிருந்தா அதே சாமான்தான்.”

ஹமீட் கமீலாவின் கடைக்கு ஓடிப் பத்து டின் கேட்டார்.

“பத்தா! என்ன நானா, வீட்டுல விசேஷமா?”

“ஓம், பெரிய விசேஷம்!”

அவர் வீடு வந்து சேரமுன்னமே, ஐம்பது வயதில் அவர் மனைவி கைருன்னிஸாவுக்குப் பிள்ளை கிடைத்த செய்தி புத்தளம் போய்ச் சேர்ந்துவிட்டது. பத்து டின் என்றபடியால் இரட்டைப் பிள்ளை என்று அங்கே திருத்தினார்களாம்.

வெள்ளி காலை பவுடர்க் கரைசலை அச்சில் தடவி, சிவந்த இரும்பை வைத்து அழுத்தினார். ‘ஸ்ஸ்’ என்று கொஞ்சம் ஆவி. கொக்கி வழுக்கிக்கொண்டு இடுக்கியோடு வந்தது. புகையில்லை. பட்டறை முழுக்கக் குளிப்பாட்டிய குழந்தை வாசம். ஜும்ஆத் தொழுகைக்கு முன்னமே நான்கு கொக்கியைப் பொருத்தி ஒரு நங்கூரத்தை முடித்துவிட்டார்.

அனஸ்தாசியா வந்தாள். ஒரு கையில் கடிதம், மறு கையில் குட்டிச் சட்டை.

“புகையக் காணல்ல,” என்று கூரையைப் பார்த்தாள். “புள்ள எங்க?”

ஹமீட் சட்டையை வாங்கி, ஆறிய நங்கூரத்துக்குப் போட்டு, கைருன்னிஸாவின் மடியில் வைத்தார்.

“இந்தா, ஒம்பது கிலோ. வாப்பாட நெறம்.”

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றாள் கைருன்னிஸா, “வாப்பாட வாய் வரல்ல.”

அனஸ்தாசியா சிரித்துச் சிரித்து நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். கடிதம் பிரதேச சபைக்குப் போகவில்லை. அன்று பின்னேரம் இரண்டு கட்டாக் கருவாட்டைச் சுற்றிக்கொண்டு அது வேலிக்கு மேலால் வந்தது.

“புள்ள பெத்தவவுக்குப் பத்தியத்துக்கு!”